கிளிமீனுக்கு அலகு வந்தது

அந்தக் காலத்தில், மீனும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, தெற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு இருந்தது. அதில் மணல் கிடையாது. வழவழப்பான கரும்பாறைதான். பாறைப் பள்ளங்களில் கொஞ்சம் உமரிச் செடி, சுற்றிலும் தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை. அவ்வளவுதான் தீவு.

அங்கே வெள்ளையம்மா என்ற ஆலா, ஒரு கடற்பறவை, குடியிருந்தாள். ஆலாக்கள் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் முட்டையிடுவதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் அந்தத் தீவின் தரை சரிவானது. அவளுடைய முதல் முட்டை உருண்டு கடலில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே போயிற்று.

கரையில் நின்றிருந்த கொக்கு சும்மா இருக்கவில்லை. "ஏன் ஆத்தா, நாலு குச்சி பொறுக்கி வச்சா காலு தேஞ்சா போயிடும்?" என்று கேட்டது.

வெள்ளையம்மா தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். அவள் கால்கள் மிகச் சிறியவை. விரல்களுக்கிடையில் தோல் ஒட்டியிருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு குச்சியைத் தூக்கிப் பார்த்திருந்தாள். அது நழுவி விழுந்துவிட்டது. அதைக் கொக்கிடம் சொல்ல அவளுக்கு மனமில்லை.

அவளுடைய இரண்டாவது முட்டை விழுந்ததைப் பார்த்தவன் சாத்தப்பன் என்ற மீன். சேற்று நிறம், மெத்தென்ற உதடு, உள்ளே பொடிப் பொடியாகப் பற்கள். அவன் கூட்டத்தார் எல்லோரும் ஆழமில்லாத கடல் புல்வெளியில் மேய்ந்து வாழ்பவர்கள். அங்கிருந்து பவளப்பாறைக்குக் குடிவந்த முதல் ஆள் அவன்தான். எதைத் தொட்டால் யார் கோபிப்பார்களோ என்று, வந்த நாளிலிருந்து ஓர் ஓரமாகவே ஒதுங்கியிருந்தான்.

முட்டை அவன் பக்கத்தில்தான் வந்து விழுந்தது. உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு சத்தம். உதட்டால் கவ்வி மேலே கொண்டுபோகப் பார்த்தான். வழுக்கியது. மறுபடியும் கவ்வினான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்குப் புல் இறங்கவில்லை.

வெள்ளையம்மா மூன்றாவதாக ஒரு முட்டையிட்டு, அதைப் பாறையின் விரிசலில் அணைத்து வைத்து, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. பௌர்ணமியன்று கடல் ஏறினால் அந்த விரிசலுக்கும் தண்ணீர் வரும். அது அவளுக்கும் தெரியும், சாத்தப்பனுக்கும் தெரியும்.

அந்த வழியாகத்தான் நீலவரியன் என்ற வண்ணத்துப்பூச்சி வந்தது. பெரிய கரையிலிருந்து கடலைத் தாண்டிப் பறந்து வந்த களைப்பில், மிதந்து வந்த ஒரு கட்டையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியது. அந்தக் கரையில் பாறையெல்லாம் பொடியாகி மெத்தை மாதிரிக் கிடக்கிறது, அதற்கு மணல் என்று பெயர், அங்கே முட்டையிட்டால் அசையாது, வைத்த இடத்திலேயே இருக்கும் என்றது.

சாத்தப்பன் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கீழே போய்ப் பவளத்தின் முன்னால் வெகுநேரம் தயங்கி நின்றான். செத்து வெளுத்துப் பாசி பிடித்துக் கிடக்கும் கிளைகளை மட்டும் மணல் செய்ய எடுத்துக்கொள்ளலாமா என்று கடைசியில் கேட்டான். உயிருள்ளதைத் தொடாதே, செத்ததை எடுத்துக்கொள், அந்த இடத்தில் என் பிள்ளைகளாவது உட்காரும் என்றது பவளம்.

அவன் கடித்தான். பல் உடைந்தது. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடி கடித்தான். தொண்டையில் அரைத்து விழுங்கினான். கொஞ்ச நேரத்தில் அவன் பின்னாலிருந்து வெள்ளைப் பொடி புகையாய் இறங்கியது.

அந்தப் பாறையில் பெரிய ஆளாக இருந்த சிங்கி இறால் மீசையை ஆட்டி ஆட்டிச் சிரித்தது. "என்ன மாப்பிள்ளை, புல்லு தின்ன வயித்துக்குக் கல்லு கேக்குதா?" காரணம் தெரிந்ததும் அதன் சிரிப்பு நின்றது. "கிறுக்கா உனக்கு? அந்தக் குஞ்சு வளர்ந்து நம்ம பிள்ளைகளைத்தானே கொத்தும்?"

"கொத்தும்ணே," என்றான் சாத்தப்பன். "அதுக்குப் பசிச்சா கொத்தத்தான் செய்யும். ஆனா அந்த முட்டைக்குள்ள சத்தம் வந்ததை நான் கேட்டேன். அது நின்னதையும் கேட்டேன்."

சிங்கி இறால் மீசையை மடக்கிக்கொண்டு பொந்துக்குள் போய்விட்டது.

ஒருவன் கடித்து ஒரு தீவுக்கு மணல் வருமா? நீலவரியன் புல்வெளிப் பக்கம் பறந்து போய்ச் செய்தி சொன்னது. பாறைக்குப் போன பையன் பல்லை உடைத்துக்கொள்கிறானாம் என்று, அவனைக் கையோடு கூட்டிப் போவதற்குத்தான் அவன் கூட்டம் கிளம்பி வந்தது. முன்னால் வந்தவள் அவனுடைய சித்தி. அவன் வாயைப் பார்த்தாள். மேலே அசையாமல் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாவைப் பார்த்தாள்.

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வந்திருக்க மாட்டோமா?" என்று திட்டிக்கொண்டே, பக்கத்திலிருந்த செத்த கிளையைக் கடித்தாள். பிறகு எல்லோரும் கடித்தார்கள்.

பௌர்ணமி வந்தது. நடுப்பகலில் கடல் ஏறியது. பயந்தபடியே ஓர் அலை விரிசலுக்குள் புகுந்து, வெள்ளையம்மாவைப் புரட்டித் தள்ளி, முட்டையை வெளியே எடுத்தது. முட்டை சரிவில் உருண்டது. அவள் அலறிக்கொண்டு பின்னாலேயே பறந்தாள்.

ஆனால் காலையிலிருந்து வந்த அலைகள் வெறுங்கையோடு வரவில்லை. அடியில் குவிந்திருந்த பொடியையெல்லாம் வாரி வந்து, பாறையின் கீழ் மடிப்பில் கொட்டிவிட்டுப் போயிருந்தன. உருண்டு வந்த முட்டை அந்த வெண்மணலில் பாதி புதைந்து நின்றது.

சாத்தப்பன் தலையை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கீச். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கீச். சத்தம் நிற்கவில்லை. சாயங்காலம் ஓடு விரிந்து, நனைந்த பஞ்சு போல ஒரு குஞ்சு மணலில் உட்கார்ந்தது.

வெள்ளையம்மா தண்ணீருக்கு அருகே தாழப் பறந்து வந்தாள். "தம்பி, நான் பொய் சொல்ல மாட்டேன். இனிமேலும் மீன் பிடிச்சுத்தான் பிழைப்பேன். ஆனா உன் வாயைப் பார்த்தா தொடாம திரும்பிப் போயிடுவேன்" என்றாள்.

அப்போதுதான் அவன் தன் வாயை நாவால் தடவிப் பார்த்தான். உடைந்த பற்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கிளியின் அலகு போல் உறுதியாகியிருந்தன. விழுங்கிய பவளத்தின் பச்சையும் நீலமும் செம்மையும் அவன் மேனியில் ஏறியிருந்தன. அவன் கூட்டத்தாருக்கும் அப்படியே ஆகியிருந்தது. நீலவரியனோ ஈர மணலில் இறங்கி, நாக்கை நீட்டி உப்பை உறிஞ்சியபடி, இதுவரை வந்த களைப்பெல்லாம் போயிற்று என்றது.

அன்று முதல்தான் வண்ணத்துப்பூச்சிகள் ஈர மணலைத் தேடி இறங்குகின்றன, ஆலாக்கள் மணலில் முட்டையிடுகின்றன. அன்று முதல்தான் கிளிமீன்கள், முழுகிக் கேட்பவர் காதில் கறுக் கறுக்கென்று விழும்படி பாறையைக் கடித்துக்கொண்டே, இன்னும் பிறக்காத குஞ்சுகளுக்கு மணல் செய்துகொண்டிருக்கின்றன.