பாதியாகக் கேட்ட பங்கு

உப்பங்கழியின் இரு கரையிலுமாக ஒரு சின்ன ஏழை நாடு இருந்தது. அதன் கல்வி மந்திரி வேதமாணிக்கம், சிக்கனம் என்று சொல்லி மாணவர் படகை நிறுத்திவிட்டார். அக்கரைப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு உப்பள வேலைக்குப் போனார்கள். இக்கரையிலிருந்த உயர்நிலைப் பள்ளியில் பாதி இடம் காலியானது.

அந்த வருஷமே மந்திரி பள்ளி மேடையில் ஏறினார். "ஒரு மாணவருக்கு அரசு செய்யும் செலவை இரண்டு மடங்காக்கிவிட்டேன்! நன்றி சொல்ல யார் வருகிறீர்கள்?"

பத்தாம் வகுப்புப் பூரணி எழுந்தாள். "நன்றியோடு ஒரு வரமும் கேட்கலாமா ஐயா?"

"கஜானா காலி அம்மா. செலவில்லாத வரமாகக் கேள், தருகிறேன்."

"என் பங்கைப் பழையபடி பாதியாக்கிவிடுங்கள்."

மந்திரி பூரித்துப்போனார். "குறைத்துக் கேட்கிற பிள்ளையை இன்றுதான் பார்க்கிறேன். வாக்குக் கொடுத்தேன்! எப்படிக் குறைப்பது, அதையும் நீயே சொல்."

"பள்ளிக்கூடம் அதேதான், வாத்தியார்களும் அவர்களேதான். பிள்ளைகள் குறைந்ததால்தான் என் பங்கு கூடியது. என் சிநேகிதி தங்கபுஷ்பமும் மற்றவர்களும் திரும்பி வந்தால் அது தானாகப் பாதியாகிவிடும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மந்திரியின் முகம் சிவந்தது. "படகுக்குச் செலவாகுமே?"

"உங்கள் படகு தினமும் காலையில் உங்களை இக்கரையில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் வரை துறையில் சும்மாதானே ஐயா நிற்கிறது?" என்ற பூரணியின் குரல் உடைந்தது. "அவள் இல்லாமல் எனக்குப் பாடமே ஏறவில்லை."

மந்திரி தன் படகோட்டியைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை, உப்பு அரித்த கைகளோடு தங்கபுஷ்பம் துறையில் இறங்கினாள். பூரணி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள்.