சடையப்பன் வண்டியைக் கழற்றிய கதை

மொட்டணம்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். மற்றபடி அவர்களிடம் ஒரு குறையும் கிடையாது.

அந்த ஊர்ச் சடையப்பன் காலை எட்டு மணிக்கு நாற்பது பெட்டித் தக்காளியைப் பிக்கப் வண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருகினார். வண்டி முனகக்கூட இல்லை. சந்தை ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். மழைக்குத் தப்பியதே இந்த நாற்பது பெட்டிதான். நாளை வரை தாங்காது.

வெளியூர் போயிருந்த மெக்கானிக் கந்தவேலுக்குப் போன் போட்டார்.

"ஹெட்லைட் எரியுதான்னு பாருங்கண்ணா."

தம்பி மாரப்பன் அண்ணாந்து பார்த்தான். "இந்த வெயில்ல எரிஞ்சாலும் எப்படித் தெரியும்? இருட்டு வேணும்ணா."

நியாயம்தானே. இரண்டு விளக்கையும் கம்பளியால் இறுக்கிக் கட்டினார்கள். மைத்துனன் திருமூர்த்தி குனிந்து வெகுநேரம் பார்த்தான். "ஒரு பொட்டு வெளிச்சம் இல்லீங்க மாமா."

"அப்ப கரண்டுக் கோளாறுதான்," என்றார் கந்தவேல். "கோளாறு கிடைக்கிற வரைக்கும் முன்னாடியிருந்து கழட்டிப் பாருங்க. கழட்டினதை வரிசையா வைங்க. ஒண்ணோட ஒண்ணு கலந்துடாம தள்ளித் தள்ளி வைங்க."

"கலக்காம இருக்க எத்தனை அடி வேணும்?" என்றான் திருமூர்த்தி.

"ரெண்டு கடாவைப் பத்தடி தள்ளிக் கட்டினா ஒண்ணுக்கொண்ணு எட்டாது," என்றான் மாரப்பன். ஆடு வளர்த்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எந்தத் திசையில் வைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு. கடைசியில் சடையப்பன் தீர்ப்புச் சொன்னார்: "சந்தைப் பக்கமா வைங்கடா. எப்படியும் போற வழிதானே, நேரம் மிச்சம்."

பம்பர், பத்தடி. விளக்கு, பத்தடி. அப்புறம் நட்டு, போல்ட்டு, மறுபடி நட்டு. வரிசை பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டியது. கோளாறு மட்டும் கிடைக்கவில்லை.

மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். சடையப்பன் ஸ்டீயரிங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னூறு சாமான்களைக் கடந்து மூச்சிரைக்க நடந்தார். வரிசையின் கடைசியில் அதை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சந்தைக்குள் நிற்கிறார்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

காவல்காரர் கேட்டை இழுத்தார்.

"ஐயோ, சாத்திடாதீங்க!" என்று குறுக்கே பாய்ந்தார் சடையப்பன். "என் வண்டி பாதிக்கு மேல வந்துடுச்சு. தக்காளி இருக்கிற பின்பக்கம் மட்டும்தான் இன்னும் வீட்டுல நிக்குது!"