நூலாயியின் வலை அறுந்த நாள்

அந்தக் காலத்தில், விலங்குக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, மேற்கு மலைக் காடு முழுவதற்கும் ஒரே ஒரு வலைதான் இருந்தது. அதை நெய்தவள் நூலாயி என்ற சிலந்தி. பலாப்பழம் அளவுக்கு உடம்பு. காட்டின் நடுவில் நின்ற நாவல் மரத்து உச்சியில் உட்கார்ந்து, எட்டுக் கால்களிலும் நூல்களைப் பிடித்திருப்பாள்.

அவளுடைய நூல் போகாத மரம் அபூர்வம். எங்கே பழம் பழுத்திருக்கிறது, எந்த ஓடை வற்றிவிட்டது, புலி எந்தப் பக்கம் நடக்கிறது என்பதெல்லாம் நூலில் அதிர்வாக ஓடும். காலையோ அலகையோ அதன் மேல் வைத்தால் தெரிந்துவிடும். அதற்கு ஈடாக, நூலில் வந்து ஒட்டும் பூச்சிகள் எல்லாம் அவளுக்கு. யாரும் குறை சொல்லவில்லை. முன்பெல்லாம் குரங்கு கத்தினால் மான் ஓடும். கொண்டைக்குருவி கத்தினால் அணில் பதுங்கும். நூல் வந்த பிறகு எதற்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இரண்டு தலைமுறைக்குள் காடு ஊமையாகிவிட்டது. குஞ்சுகளுக்கு எச்சரிக்கைக் குரல் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல் போனது.

செங்கண்ணன் என்ற ஆண் இருவாச்சிப் பறவை மட்டும் கத்தினான். அவன் புரட்சி செய்ய நினைத்தவனல்ல. ஒரு கோடையில் கிழக்குச் சரிவில் தீப்பிடித்து அங்கே நூல்கள் கருகிப்போயின. சின்னப் பறவைகள் பழம் எங்கே என்று தெரியாமல் கிளைகளில் சோர்ந்து கிடந்தன. பறந்துகொண்டிருந்தவன் கண்ணில் பழுத்த அத்திமரம் ஒன்று பட்டது. தொண்டை முழுவதையும் திறந்து கூப்பிட்டான். அவை வந்து தின்றன. மறுநாளும் கூப்பிட்டான். போகப் போக, நூல் இருந்த மரங்களிலிருந்தும் பறவைகள் அவன் குரலைக் கேட்டு வரத் தொடங்கின. வந்தவர்கள் நூலைத் தொட மறந்தார்கள்.

நூலாயி தன் கால் நுனியில் அதை உணர்ந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் செங்கண்ணனின் மனைவி பொன்னலகி முட்டையிடுவதற்காக வேங்கை மரத்துப் பொந்துக்குள் போனாள். இருவாச்சிகளின் வழக்கப்படி வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிச்சம். உள்ளே போன சில நாளில் அவள் இறகுகள் உதிர்ந்துவிட்டன. குஞ்சு வளரும்வரை புருஷன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு.

குஞ்சு பொரித்த மறுநாள் வேங்கை மரத்து நூல் தளர்ந்தது.

காற்றில் தளர்ந்திருக்கும் என்று நினைத்து, செங்கண்ணன் நாவல் மரத்துக்குப் போய்ச் சொன்னான். காடு பெரியது, நூல் தளர்வது சகஜம், பார்க்கச் சொல்கிறேன் என்று நூலாயி பொறுமையாகப் பதில் சொன்னாள். நான்கு முறை போனான். நான்கு முறையும் அதே பதில். அதற்குள் மற்ற நூல்களில் எல்லாம் ஒரு செய்தி ஓடிவிட்டது: இருவாச்சி கூப்பிடும் மரத்துப் பழத்தில் புழு இருக்கிறது. அவன் கூப்பிட்டால் இப்போது யாரும் வரவில்லை. அவனுக்கும் தூரத்து மரங்களின் செய்தி கிடைக்கவில்லை. வறண்ட காட்டில் பகல் முழுவதும் பறந்து பத்துப் பழம் சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது.

காட்டு வழக்குகளைத் தீர்த்துவைத்தவள் வேழம்மா என்ற மூத்த பெண் யானை. செங்கண்ணன் அவளிடம் முறையிட்டான். அவள் விசாரிக்கும் பொறுப்பைத் தேவாங்கிடம் கொடுத்தாள். தேவாங்கு பொய் சொல்லாதது, அவசரப்படவும் தெரியாதது. மரம் மரமாக ஏறி, ஒவ்வொரு நூலையும் தொட்டுப் பார்த்து, ஒவ்வொருவரையும் விசாரித்தது. பதினோரு நாள் ஆனது. நூலில் குறையே இல்லை என்று கொண்டைக்குருவி சொன்னாள். அணில் பொந்தைவிட்டு வெளியே வரவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் தேவாங்கு வேங்கை மரத்துக்கு வந்தது.

"தளர்ந்த நூல் பதினேழு," என்றது. "பதினேழும் உன் குரலுக்கு வந்தவர்கள் குடியிருக்கும் மரங்களில். எனக்குப் புரிந்துவிட்டது தம்பி. ஆனால் சபையில் வந்து சொல்ல ஒருவராவது வேண்டும். உன்னைத் தவிர யாரும் வர மாட்டார்கள்."

சபை வடக்கே, பெரிய மடுவின் கரையில். போய்வர மூன்று நாளாகும்.

அன்று மாலை நூலாயியின் மகள் ஒருத்தி நூலில் இறங்கி வந்தாள். நூலாயிக்கு இருநூறு மகள்கள். வலையின் மூலைமுடுக்கெல்லாம் அவர்கள்தான் காவல். அவள் மரியாதையாகவே பேசினாள்.

"அண்ணா, நாளைக்கே உங்கள் நூலை இறுக்கிக் கட்டுகிறோம். எந்த மரம் பழுத்தாலும் முதல் செய்தி உங்களுக்குத்தான். காற்றில்தான் நூல் தளர்ந்தது என்று தேவாங்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அண்ணியின் நிலைமை எங்களுக்கும் தெரியும்."

செங்கண்ணன் அந்தப் பிளவில் வாயை வைத்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஒப்புக்கொள்ளலாம் என்றுதான் தனக்குத் தோன்றுகிறது என்பதையும் மறைக்கவில்லை. உள்ளே குஞ்சு கீச்சிட்டது.

"இறுக்கிக் கட்டுகிற கை பிறகு தளர்த்தாதா?" என்றாள் பொன்னலகி. "நாளைக்கு நம் மகன் வாய் திறந்து கத்த மாட்டானா? அப்போது இவன் யாரிடம் போய்க் கெஞ்சுவான்? நீங்கள் போய்விட்டு வாருங்கள். மூன்று நாள்தானே."

அவன் விடிந்ததும் தேடியலைந்து ஒன்பது அத்திப்பழம் கொண்டுவந்து பிளவு வழியாகக் கொடுத்தான். அதற்கு மேல் கிடைக்கவில்லை. வடக்கே பறந்தான்.

சபை கூடியது. நூலாயியால் நாவல் மரத்தைவிட்டு உடனே வர முடியாது என்று அவள் மகள்கள் ஒரு நாள் தவணை கேட்டார்கள். வேழம்மா கொடுத்தாள். மறுநாள், தேவாங்கு பார்த்த நூல்களைத் தாங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று இரண்டு நாள் கேட்டார்கள். அதையும் கொடுக்காவிட்டால் தீர்ப்பு நியாயமாக இருக்காது என்று வேழம்மா சொன்னாள். தான் ஒரு நடை போய்த் திரும்பி வரலாமா என்று செங்கண்ணன் கேட்டான். சாட்சி கரையைவிட்டுப் போனால் வழக்கு கலைந்துவிடும் என்று சபையார் சொன்னார்கள். அவன் மடுக்கரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

அவன் புறப்பட்ட ஐந்தாம் நாள் நூலாயியே வந்தாள். அவன் சாட்சி சொன்னான். பிறகு அவள் பேசினாள்.

"நான் யார் வாயையும் அடைக்கவில்லை. கத்துவதைவிட நூல் சுலபம் என்று அவர்களே வந்தார்கள். இன்றைக்கு இதை அறுத்தால் நாளைக்குப் புலி வரும்போது யார் சொல்வது? இந்த இருவாச்சியா?"

வேழம்மா வெகுநேரம் காதுகளை அசைக்காமல் நின்றாள்.

"நீ நூல் நூற்றது குற்றமில்லை," என்றாள் கடைசியில். "உன் நூலைத் தவிர வேறு வழியே இருக்கக் கூடாது என்று நினைத்தாயே, அதுதான் குற்றம்."

தீர்ப்பு இதுதான்: வலை துண்டு துண்டாக அறுக்கப்படும். மகளுக்கு ஒரு துண்டு. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளை வரைக்கும்தான் இனி நூல் போகலாம். ஒருத்தியின் நூல் இன்னொருத்தியின் நூலோடு சேரக் கூடாது. நெய்த வலை நாள் கடந்து நிற்கக் கூடாது. நெய்தவளே அதை விழுங்கிவிட்டு மறுபடி நெய்ய வேண்டும். சேர்ந்து ஒரு வலையாக்கப் பார்த்தால், எவளுடைய எல்லையில் நுழைந்தார்களோ அவள் கொல்லலாம், கேள்வி கிடையாது.

செங்கண்ணன் தீர்ப்பை முழுவதும் கேட்கவில்லை. வழியில் ஒரு மரத்தில் இருந்த நான்கு பழங்களைப் பறித்து வாயில் அடக்கிக்கொண்டு பறந்தான்.

வேங்கை மரத்தில் உட்கார்ந்து கூப்பிட்டான். பிளவு வழியாக ஓர் அலகு நீண்டது. சின்ன அலகு. அவன் ஒரு பழத்தை ஊட்டிவிட்டு மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் அந்தச் சின்ன அலகுதான் வந்தது. ஒன்பது பழத்தையும் அவள் குஞ்சுக்கே கொடுத்திருந்தாள் என்பது அவனுக்கு அப்போது புரிந்தது. மிச்சம் இருந்த மூன்றையும் ஒவ்வொன்றாக ஊட்டினான். உள்ளே அவளுடைய உடம்பு இருக்க, அதே பிளவு வழியாக இன்னும் நாற்பது நாள் மகனுக்கு ஊட்டினான்.

யானைகள் காடு முழுவதும் நடந்து நூல்களை அறுத்தன. நூலாயி தன் மரத்து உச்சியில் அறுந்த நுனிகளைப் பிடித்தபடி, எதுவும் அதிராமல் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் கீழே விழுந்து செத்தாள்.

அவள் சொன்னதும் பொய்யாகவில்லை. அந்த மாதம் புலி வந்தபோது மான்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொண்டைக்குருவியின் கூட்டுக்குள் பாம்பு ஏறியதை எதிர்க் கிளையில் இருந்த அணில் பார்த்தது. எப்படிக் கத்துவது என்று அதற்குத் தெரியவில்லை. கொண்டைக்குருவி வேங்கை மரத்துக்கு வந்து செங்கண்ணன் எதிரில் உட்கார்ந்தாள்.

"உன் வழக்கில் என் இரண்டு குஞ்சும் போய்விட்டது," என்றாள்.

"என் வீட்டிலும் ஒருத்தி போய்விட்டாள்," என்றான் அவன். அவள் பறந்து போகவில்லை. இருவரும் இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அவள் தன் மரத்தில் உட்கார்ந்து கத்திப் பழகினாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனால் வந்தது.

நூலாயியின் மகள்களில் இருவர் அந்த மழைக்காலத்தில் தங்கள் நூல்களை ரகசியமாகச் சேர்க்கப் பார்த்தார்கள். தங்கையின் கால் வலையில் பட்டதும் அக்காவுக்குத் தீர்ப்பு நினைவுக்கு வந்தது. தன்னை விழுங்கத்தான் வருகிறாள் என்று பயந்து முதலில் அவளே கடித்துவிட்டாள். செய்தி மற்றவர்களுக்கும் எட்டியது. அதற்குப் பிறகு எவளும் எவளையும் நம்பவில்லை.

அன்று முதல்தான் சிலந்தி கிளைக்குக் கிளை மட்டும் நூல் கட்டி, தான் நெய்த வலையைத் தானே தின்று, தனியாக வாழ்கிறது; தன் வலையில் கால் வைப்பது உடன்பிறந்தவளே ஆனாலும் யாரென்று கேட்பதில்லை.