மாடியில் ஏறிய மொகுசென்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மிச்சமிருக்கும் என் பற்கள் இந்த நிமிடமே கொட்டிப்போகட்டும். அத்தனையும் சத்தியம்.

ஜப்பானில் குரு சோகானும் அவருடைய சீடன் மொகுசெனும் கால்நடையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சீடனுக்கே தாடி நரைத்துவிட்டது.

"குருவே, இத்தனை வருஷத்தில் தெய்வத்தின் நிழலைக்கூட நான் பார்க்கவில்லை. இந்தப் பயணத்திலும் பார்க்காவிட்டால் துறவாடையைக் கழற்றிவிட்டு அண்ணனின் குடைக்கடைக்கே போய்விடுவேன்."

"குடை நல்ல வியாபாரம்தான்," என்றார் குரு.

அடுத்த ஊரில் கோயில் திருவிழா. முரசு அடித்த அடியில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த மீன்கள் வாலை ஆட்டி நீந்தின. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சாமியின் பல்லக்கு வருகிறது என்றார்கள். மொகுசென் எம்பி எம்பிப் பார்த்தான். தலைகள்தான் தெரிந்தன. ஓடிப்போய் ஒரு சத்திரத்து மாடியில் ஏறிக்கொண்டான்.

"வாஷோய்! வாஷோய்!" என்று பல்லக்கைக் குலுக்கிக்கொண்டு வந்தவர்கள் சட்டென்று நின்றார்கள். முரசும் நின்றது.

"ஏய் மொட்டை, இறங்குடா!" முன்னால் தூக்கிவந்த கொல்லன் கத்தினான். "சாமிய மேல நின்னு பாப்பியா? இன்னைக்கு எங்க ஊர்ல காக்காகூடக் கூரைல உக்காராது!"

மொகுசென் பதறி இறங்கினான். "ஐயா, தெரியாமல்..."

"உன்னாலதான சாமி நடுத்தெருவுல நிக்குது? வா, தோள் குடு."

கொல்லன் அவனைத் தனக்குப் பின்னால் இழுத்து நிறுத்தினான். கம்பு தோளில் ஏறியது. அந்தப் பல்லக்கின் கனம் உங்களுக்குத் தெரியாது. அது போன தெரு இன்றும் ஒரு முழம் பள்ளம். குனிந்த மொகுசென் கோயில் வரும்வரை நிமிரவே இல்லை.

குரு ஓரமாக நின்று சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது பல்லக்கு கோயிலுக்குள் போனது. கதவைச் சாத்திவிட்டார்கள். மொகுசென் நொண்டிக்கொண்டு வந்தான். தோளில் தோல் உரிந்திருந்தது.

"போச்சு, குருவே. சாமியைத் தூக்கியும் பார்க்கவில்லை. அந்தக் கொல்லனின் குதிகாலைத்தான் பார்த்தேன். நாளைக்கே குடைக்கடைக்குக் கிளம்புகிறேன்."

"எப்படி இருந்தது?"

"எது?"

"குதிகால்."

"வெடித்து ரத்தம் கசிந்தது. அவர் கால் எடுத்த இடத்திலேயே நான் கால் வைத்தேன். தப்பியிருந்தால் எல்லோரும் விழுந்திருப்போம்."

"அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை," என்றார் குரு.

மறுநாள் காலை, குடைக்கடைக்குப் பிரியும் பாதை வந்தது. மொகுசென் நிற்கவில்லை. குருவின் குதிகாலையே பார்த்தபடி பின்னால் நடந்தான்.

குரு திரும்பாமலே சொன்னார்:

"மிதித்துவிடாதே, அப்பா."

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். எனக்கு இன்னும் முறுக்கு தின்ன ஆசை இருக்கிறது.