மண்ணில் படாத வீடு

என் பக்கத்து வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவன் வெள்ளைப்பாண்டி, அடுத்தவன் சங்கிலிபூதத்தான், கடைசி கொம்பையா. மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மூத்தவனுக்கு வயது நாற்பத்துமூன்று. அவனுக்கு முடியாமல் மற்றவர்களுக்கு முடிக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அவன் வழியை மறித்து நிற்க, பின்னால் இரண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதுபோல் நின்றார்கள். இவர்களுடைய அப்பா என் வயல் வரப்பை ஒரு முழம் வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டவர். அதையெல்லாம் நான் மறந்து வெகுகாலம் ஆகிறது. போன வாரம்கூட அளந்து பார்த்தேன், சரியாக ஒரு முழம்.

கல்யாணம் தள்ளிப்போனதற்குக் காரணம் கறையான். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள் அல்லவா? ஒருமுறை பெண்ணின் தாய்மாமன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி மாவாகிப் போனது. இன்னொரு முறை வந்தவர் கதவைத் தட்டினார். கை கதவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. உள்ளே நின்ற கொம்பையா, நீண்ட கையைப் பார்த்து, விருந்தாளி கேட்கிறார் என்று அதில் ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்தான்.

கடைசியாக மேற்கே மலையடிவாரத்திலிருந்து குற்றாலிங்கம் என்பவர் தன் இளைய மகளைத் தர முன்வந்தார். அவர் சொல்லி அனுப்பியது இதுதான்: "தோப்பு வேண்டாம், தொரவு வேண்டாம். வீட்டுல கறையான் இருக்கக்கூடாது. மூத்தவளைக் குடுத்த இடத்துல அவ முகூர்த்தச் சேலையைக் கறையான் தின்னுட்டு. வெள்ளிக்கிழமை வருவேன். ஒண்ணே ஒண்ணைக் கண்டாலும் அப்படியே திரும்பிருவேன்."

வெள்ளைப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. இதை விட்டால் வேறு பெண் கிடையாது என்று அவனுக்கே தெரியும்.

எனக்கும் கொஞ்சம் இரக்கம் உண்டு. "வேப்பெண்ணெயைத் தடவுங்கலே, கறையான் கிட்ட வராது" என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் மூவரும் பளபளவென்று மின்னிக்கொண்டு வந்தார்கள். நாற்றம் அவர்களுக்கு முன்னால் வந்தது.

"நல்ல பலன் பெரியப்பா. விடியுற வரைக்கும் ஒரு கறையான்கூட எங்க கிட்ட வரல" என்றான் சங்கிலிபூதத்தான்.

"கதவுக்குத் தடவினியா?"

"கதவுக்கா பெரியப்பா கல்யாணம்?"

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு டவுனிலிருந்து பூச்சி மருந்து அடிக்கும் அருணாசலவடிவு என்பவரை அழைத்து வந்தார்கள். அவர் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்ததால் அவரைப் பெரிய படிப்பாளி என்று முடிவு செய்தார்கள். அவர் நிலைக்கதவைத் தட்டிப் பார்த்தார். வீட்டைச் சுற்றி வந்தார். பின்சுவரில் சாய்ந்து கிடந்த விறகுக் குவியலைப் பார்த்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை மருந்தோட வாரேன். அதுக்குள்ள ஒண்ணு செய்யுங்க. வீட்டு மரம் எதுவும் மண்ணுல படக்கூடாது. மண்ணு வழியாத்தான் கறையான் ஏறும்" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறினார்.

அவர் விறகைப் பார்த்துச் சொன்னார். இவர்கள் அவர் வாயைப் பார்த்துக் கேட்டார்கள்.

முதலில் கட்டிலைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தார்கள். கொம்பையா குனிந்து பார்த்தான்.

"அண்ணே, செங்கல்லும் மண்ணுதான?"

"அது சுட்ட மண்ணுலே."

"சுட்டதா சுடாததான்னு அவரு பிரிச்சுச் சொல்லலியே."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். "படிச்சவரு ஒண்ணைச் சொல்லாம விட்டா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்றான் வெள்ளைப்பாண்டி. கட்டிலை உத்திரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார்கள். பெட்டி, பலகை, அருவாமணை எல்லாம் கூடவே தொங்கின.

அண்ணாந்து பார்த்த சங்கிலிபூதத்தானுக்கு வேர்த்துவிட்டது.

"அண்ணே, உத்திரம் சுவர்ல உக்காந்திருக்கு. சுவரு மண்ணு. உத்திரத்துக்கு மேல ஓடு. ஓடும் மண்ணு. மேலயும் மண்ணு, கீழயும் மண்ணு. இந்த வீடு இத்தனை வருசம் நின்னதே அதிசயம்ணே!"

"உள்ள கிடந்து நசுங்கியிருப்போம்லே" என்று வெள்ளைப்பாண்டி நெஞ்சில் கையை வைத்தான்.

அன்றைக்கே ஓட்டைப் பிரித்து இறக்கினார்கள். மறுநாள் உத்திரத்தையும் ஓட்டைத் தாங்கிய கைமரத்தையும் இறக்கினார்கள். ஜன்னலைப் பிடுங்கினார்கள். கடைசியாக வாசல் நிலையைக் கதவோடு பெயர்த்து எடுத்தார்கள். ஒவ்வொரு கட்டையையும் தட்டித் தட்டி உதறினார்கள். உதறியதில் பாதிக் கட்டை உதிர்ந்து போனது. மிஞ்சியதில் கறையான் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் கீழே வைக்கவும் முடியாது. கையில் பிடித்துக்கொண்டே யோசித்தார்கள். தெருவில் ஒரு பெரிய வேப்பமரம் உண்டு. அதில் கட்டித் தொங்கவிடலாம் என்றான் கொம்பையா.

"வேப்பமரமே மண்ணுலதான நிக்கி?" என்றான் சங்கிலிபூதத்தான்.

இது பெரிய சிக்கல். தலையில் உத்திரத்தைச் சுமந்துகொண்டு அரைமணி நேரம் வாதம் செய்தார்கள். மரத்தைப் பிடுங்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. கடைசியில் வெள்ளைப்பாண்டி தீர்ப்புச் சொன்னான்: "அவரு வீட்டு மரம்னுதான் சொன்னாரு. இது பஞ்சாயத்து மரம். இதைக் கறையான் தின்னா தலைவருதான் கவலைப்படணும்."

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீடு முழுவதும் மரத்தில் ஏறிவிட்டது. கட்டில் ஒரு கிளையில், உத்திரம் ஒரு கிளையில், நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே கதவோடு வாசல் நிலை. காக்கைகள் உட்கார இடமில்லாமல் வேறு தெருவுக்குப் போயின.

வெள்ளிக்கிழமை காலையில் மருந்துக்காரர் வந்தார். நாலு மொட்டைச் சுவரைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பைக்கை நிறுத்தாமலே, "இனிமே உங்களுக்கு மருந்து தேவைப்படாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்குக் குற்றாலிங்கம் தன் மனைவி ஆவுடையம்மாளோடு வந்து இறங்கினார். கையில் தாம்பூலத் தட்டு. எதையும் முறைப்படி செய்கிறவர் என்று அவருக்கு ஊரில் பெயர். சட்டையில் பொத்தான் போடுவதற்கும் நல்ல நேரம் பார்ப்பார்.

மொட்டைச் சுவரைப் பார்த்து, "இது என்னது?" என்றார்.

"அது வெறும் மண்ணு மாமா. வீடு அந்தா இருக்கு" என்று வெள்ளைப்பாண்டி மரத்தைக் காட்டினான்.

குற்றாலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார். குச்சியால் ஒவ்வொரு கட்டையையும் தட்டினார். தூசிகூட விழவில்லை. நான் என் வாசலில் நின்று, இப்போது திட்டுவார், இப்போது திட்டுவார் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

"ஒரு கறையான்கூட இல்ல. கெட்டிக்காரப் பயலுவ" என்றார் அவர். "சரி, உள்ள போய்ப் பாப்போம். வாசல் எங்க?"

"அந்தா மேல, மாமா."

"வலது காலை எடுத்து வச்சு வாசல் வழியாத்தான் நுழைவேன். அதுதான் முறை."

ஏணி கொண்டுவந்தார்கள். அது என் ஏணி. அவர்கள் கேட்டு வாங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. அந்தக் கணக்கில் அது அவர்கள் வீட்டு மரம் ஆகிவிட்டதாம், அதனால் மண்ணில் ஊன்றக்கூடாதாம். தம்பிகள் இருவரும் ஏணிக்காலை ஆளுக்கொரு தோளில் தாங்கினார்கள். குற்றாலிங்கம் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஏறினார். கதவைத் திறந்தார். சாமியைக் கும்பிட்டார். வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

தொப்பென்று ஒரு சத்தம்.

வெள்ளைப்பாண்டியின் முகம் செத்துப்போனது. போச்சு, கல்யாணம் போச்சு என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். மரத்துக்கு அந்தப் பக்கம் குற்றாலிங்கம் மெல்ல எழுந்து உட்கார்ந்து இடுப்பைத் தடவினார்.

"உள்ளே நல்ல விசாலமா இருக்கு. காத்தோட்டம் பிரமாதம். படிதான் கொஞ்சம் உசரம்" என்றார். "வெளிய வாரேன், தாம்பூலம் மாத்திருவோம்."

வெள்ளைப்பாண்டிக்கு உயிர் திரும்பியது. ஆனால் குற்றாலிங்கம் வெளியே வரவில்லை. அண்ணாந்து வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"வந்த வாசல் வழியாத்தான் திரும்பணும். வேற வழியா போனா சம்பந்தம் நிலைக்காது. ஏணியை உள்ள அனுப்புங்க."

தம்பிகள் ஏணியைத் தூக்கி வாசல் வழியாக உள்ளே நுழைக்கப் பார்த்தார்கள். அது கிளையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பாதி ஏணி உள்ளே, பாதி ஏணி வெளியே.

எனக்குப் பொறுக்கவில்லை. "வேய், சும்மா நாலு எட்டு நடந்து வாருமய்யா! சுத்தி ஒண்ணுமே இல்லியே!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாசலை விட்டுட்டுச் சுவர் வழியா வர நான் என்ன திருடன் மாதிரி கன்னம் வைக்கவா வந்தேன்?"

"அங்க சுவரே இல்லியேவே!"

"இல்லாத சுவருன்னா இன்னும் மோசம். எந்த இடத்துல இடிச்சேன்னு யாருக்குத் தெரியும்?"

ஆவுடையம்மாள் அவருக்கு ஒரு முழத் தூரத்தில்தான் நின்றாள். "ஏ, வெத்தலையாவது இங்கன நீட்டு" என்று அவர் கேட்டார். "எப்படி நீட்ட? நடுவுல சுவருல்லா இருக்கு" என்று அந்த அம்மாளும் சொல்லிவிட்டாள். நல்ல குடும்பத்தில்தான் சம்பந்தம் வைக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஆனது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து சாரல் பிடித்தது. குற்றாலிங்கத்தின் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"மாப்பிள்ளை, சாரல் உள்ள அடிக்கி! கதவைச் சாத்தும்!" என்று கத்தினார்.

கொம்பையா மரத்தில் ஏறி, மாட்டியிருந்த ஏணியை உதைத்துத் தள்ளி, கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அவன் இறங்குவதற்குள் சாரல் நின்றுவிட்டது. எங்கள் ஊர்ச் சாரல் அப்படித்தான்.

குற்றாலிங்கம் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார். உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. முகம் மலர்ந்து, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கதவைச் சாத்துனா ஒரு துளி உள்ள வரலியே! வீடுன்னா இதுதான் வீடு! பொண்ணு குடுக்கச் சம்மதம்! ஆவணியில கல்யாணம்!"

எனக்கு நன்றாகக் கேட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

வெள்ளைப்பாண்டி அவருக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பதறிப்போய் நின்றான். "மாமா வாயை அசைக்காரே, சம்மதம்னு சொல்லுதாரா, இல்லன்னு சொல்லுதாரா? ஏலே பூதத்தான், என்னலே சொல்லுதாரு?"

சங்கிலிபூதத்தான் காதில் கையைக் குவித்து உற்றுக் கேட்டான். பிறகு வருத்தத்தோடு தலையை ஆட்டினான்.

"கதவு சாத்தியிருக்குல்லா அண்ணே. எப்படிக் கேக்கும்?"