மரத்தம்பிக்கு ஒரு முறைத் தண்ணி

ஒரே ஒரு ஊர்ல மாசிலாமணின்னு ஒரு பேராசைக்காரன் இருந்தானாம். அந்த ஊர்க் கண்மாயில அந்த வருஷம் பத்து முறைக்குத்தான் தண்ணி. ஊர்லயும் வெள்ளாமை பண்ற சம்சாரிங்க பத்தே பேரு. தலைக்கு ஒரு முறை வயலுக்குத் தண்ணி விட்டுக்கலாம், அவ்வளவுதான். ஆனா இவனுக்கு ஒண்ணு பத்தலை. என்ன பண்ணான்? தச்சன்கிட்ட போயி, பேசுற மரப்பொம்மை ஒண்ணு செஞ்சு வாங்கிட்டு வந்து, அதுக்கு வேட்டி கட்டி, துண்டு போட்டு, ஊர்க்காரங்க முன்னாடி, "இவன் என் தம்பி செல்லையா, இவனுக்கும் ஒரு முறை விடுங்க"ன்னு நின்னான். சிரிக்காதீங்க, நிஜமாவே நின்னான்!

கடைசி முறை கொம்பாயின்னு ஒருத்தியோடது. பாவம், தனிக்கட்டை. அவ வயல்ல நெல்லு பால் பிடிக்கிற நேரம். பொம்மைக்கு விட்டா அவளுக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது. வயிறு எரியுமா எரியாதா? நேரா ராஜாகிட்ட போயி எல்லாத்தையும் சொல்லி அழுதா.

ராஜா பொம்மையை வரவழைச்சு, "நீ ஆளா?"ன்னு கேட்டாரு. "ஆளுதான் ராஜா"ன்னுச்சு. "உனக்குத் துக்கம் வருமா?"ன்னாரு. "அண்ணன் திட்டினா தொண்டையை அடைக்கும் ராஜா"ன்னுச்சு. "தாகம் எடுக்குமா?"ன்னாரு. "நாக்கு வறண்டு கிடக்கு ராஜா"ன்னுச்சு. ராஜா உருகிப்போயி ஒரு செம்புத் தண்ணியை வாயில ஊத்தினாரு. அம்புட்டும் தாடை வழியா வேட்டியில வழிஞ்சுது.

"பாருங்க ராஜா, மரம்தானே!"ன்னா கொம்பாயி.

மாசிலாமணி விடுவானா? "தாகம் உள்ள இருக்கும்மா. ராஜாவோட தாகத்தை மட்டும் நீ உள்ள போயி பாத்தியா?"ன்னான்.

தன் தாகத்தை எப்படிக் காட்டுறதுன்னு ராஜாவுக்கே தெரியலை. தன் தலையைச் சொறிஞ்சாரு, தாடியைச் சொறிஞ்சாரு, அப்புறம் பக்கத்துல நின்ன மந்திரி தாடியையும் சொறிஞ்சாரு. கடைசியில, "சரி, ஆளுன்னே வச்சுக்குவோம். தண்ணி விடுங்க"ன்னுட்டாரு.

கொம்பாயி கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "ஆளுன்னா ஆளு ராஜா. அப்போ அந்தத் தண்ணி அவரோடது. முறைக்காரர் தன் தண்ணியை எந்த வயலுக்கு வேணா விடலாம், அதுதானே நம்ம ஊர் வழக்கம்? அவர் வாயாலயே கேட்டுருவோம்"னு சொல்லிட்டு, பொம்மை பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, உன் தண்ணியை யாருக்கு விடுற?"ன்னு கேட்டா.

இத்தனை நாள்ல அதை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. பொம்மை கொம்பாயி பக்கம் கழுத்தைத் திருப்புச்சு. அப்புறம், "எனக்கு வயலே இல்லை. அண்ணனுக்கு ஒரு முறை இருக்கு. இந்த அக்கா அழுததைக் கேட்டேன், அக்காவுக்கே விட்டுருங்க"ன்னுச்சு.

மாசிலாமணி குதியோ குதின்னு குதிச்சான். "ஐயோ ராஜா, அது பேச்சைக் கேக்காதீங்க! வெறும் மரம்! காதுல விழுந்ததைக் கோத்துக் கோத்து உளறுது!"

சபையே சிரிச்சுது. "ஓகோ, உன் பேச்சைப் பேசினா தம்பி, தன் பேச்சைப் பேசினா மரமா?"ன்னாரு ராஜா. கொம்பாயி முறை கொம்பாயிக்கே போச்சு, நெல்லும் பிழைச்சுது. பொய் சொன்னதுக்கு மாசிலாமணியோட முறையைப் பிடுங்கி, பொம்மை பேருக்கு மாத்திவிட்டாரு ராஜா. அப்புறம் என்ன, அவன் பொம்மை முன்னாடி கைகட்டி நின்னு, "தம்பி, அண்ணன் வயலுக்குக் கொஞ்சம் விடுப்பா"ன்னு கெஞ்சினானாம். அது, "யோசிச்சுச் சொல்றேண்ணே"ன்னுச்சாம்.

பொம்மை நிஜமா ஆளான்னு என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. ஒருத்தரை ஆளுன்னு சொன்னா, அவங்க மாட்டேன்னாலும் கேட்டுக்கணும், அவ்வளவுதான். கதைத்தண்ணி வயல் சேந்தாச்சு, மடையை அடைச்சாச்சு. எந்திரிங்க, கை கழுவிட்டு சாப்பிட வாங்க.