குலுக்கியும் கலங்காத ஒயின்

அந்தக் காலத்துப் புதுச்சேரியில் நீதிபதி துரை வீட்டு மத்தியான விருந்து. பிரெஞ்சுக்கார ஒயின் வியாபாரி தெலூர், தான் விற்ற பொர்தோ ஊர்ச் சிவப்பு ஒயினைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். "முப்பது வருஷம் நிலவறையில் படுத்துக் கிடந்தது. துவர்ப்பெல்லாம் அடங்கி, பட்டுபோல் தொண்டையில் இறங்கும். வயசான ஒயின், அடியில் கசடு மட்டும் இருக்கும்."

துரை பட்லர் ராயப்பனைப் பார்த்தார். "கிளாசில் ஒரு துளி கசடு விழுந்தாலும் உன் வேலை போச்சு."

ராயப்பன் பாட்டிலை, கசடு பார்க்க ஏற்றிவைத்த மெழுகுவர்த்திக்கு நேரே பிடித்தான். கசடே இல்லை. அப்படியென்றால் ஒயின் புதுசு. வாயைத் திறந்தால் வெள்ளைக்காரரைப் பொய்யர் என்றதாகும். பேசாமல் ஊற்றினால், துரை ஒரு வாய் குடித்ததுமே, பழசைக் குடித்துவிட்டுப் புதுசை நிரப்பினவன் பட்லர்தான் என்பார்கள். நல்லவேளை, அரக்கு முத்திரை உடையவில்லை.

முத்திரையைத் துரையிடம் காட்டினான். பிறகு மருந்து பாட்டிலைக் குலுக்குகிற மாதிரி குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

தெலூர் துள்ளி எழுந்தார். "மடையா, முப்பது வருஷக் கசடையும் கலக்கிவிட்டாயே. இனி அது சேற்றுத் தண்ணீர்."

ராயப்பன் பாட்டிலை மறுபடி சுடருக்கு நேரே பிடித்தான். உள்ளே ஒரு தூசி இல்லை. சுடர் திரிவரைக்கும் தெரிந்தது.

துரை பாட்டிலைப் பார்த்தார். அப்புறம் தெலூரைப் பார்த்தார். தெலூர் மெல்லத் தொப்பியைத் தேடினார்.

"ஊத்தட்டுங்களா துரை?" என்றான் ராயப்பன். "நீங்க சொன்னபடியே ஒரு துளி கசடு விழாது."